14 மாத வெளிநாட்டு வேலைக்கு 2.4 லட்ச ரூபாய் சைக்கிளா?

கேள்வி: எனக்கு 34 வயது. சென்னையில் மென்பொருள் துறையில் வேலை. வரும் ஜூலை இறுதியில் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகருக்கு 14 மாதப் பணிக்காகப் போகிறேன். மனைவியும் குழந்தையும் இங்கேயே இருப்பார்கள். தங்குமிடத்திலிருந்து அலுவலகம் 7 கிலோமீட்டர். அங்கே எல்லோரும் சைக்கிளில்தான் வருவார்களாம். பத்து மாதங்களுக்கு முன் தனிநபர் கடனில் 92,000 ரூபாய்க்கு ரோடு பைக் வகை சைக்கிள் ஒன்று வாங்கினேன். மாதம் 5,700 ரூபாய் வீதம் இன்னும் 8 தவணை பாக்கி. அதைக் கொண்டுபோக விமான நிறுவனம் ஒரு வழிக்கு 12,000 ரூபாய் கேட்கிறது. பாளையங்கோட்டையில் இருக்கும் என் அத்தான், "அதை இங்கேயே போட்டுவிட்டுப் போ. அங்கே நல்ல மின்சார சைக்கிள் வாங்கி ஓட்டு, திரும்பும்போது கொண்டுவந்து எனக்குக் கொடு, பணம் தந்துவிடுகிறேன்" என்கிறார். அவர் காட்டிய சைக்கிள் 2,400 யூரோ. வங்கிச் செயலியில் 3.5 லட்ச ரூபாய் கடன் 15 சதவீத வட்டியில் தயாராக இருக்கிறது. ஏற்கெனவே எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாதம் 23,000 ரூபாய் போகிறது. 2 லட்ச ரூபாய் வைப்பு நிதி இருக்கிறது, அதைத் தொட மனம் வரவில்லை. எது லாபம்? இந்த யோசனையில் தூக்கமே வருவதில்லை.

- வாசகர், சென்னை

பதில்: சைக்கிள் உடம்புக்கு நல்லது, பெட்ரோல் மிச்சம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது "கடன் தயாராக இருக்கிறது" என்று நீங்கள் எழுதியிருக்கும் வரி. கடன் தயாராக இருக்கிறது என்றால் யாருக்குத் தயாராக இருக்கிறது? செயலியில் ஒரு தொகை மின்னியதும், அது தன் பணம் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. 23,000 ரூபாய்த் தவணை ஒரே நாளில் வந்ததா? ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. இப்போது விமானம் ஏறுவதற்கு முன்பே, முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே, அடுத்ததைச் சேர்க்கப் பார்க்கிறீர்கள்.

வைப்பு நிதி ஏறத்தாழ 7 சதவீதம் தரும். கடன் 15 சதவீதம் கேட்கிறது. அதைத் தொட மாட்டேன், இதை வாங்குவேன் என்றால் நடுவில் உள்ள 8 சதவீதத்தை வங்கிக்கு மொய் எழுதுகிறீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எளிமைக்காக ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அத்தானின் யோசனை. 2,400 யூரோ என்றால் 2.4 லட்ச ரூபாய். 15 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுக் கடன் என்றால் தவணை சுமார் 8,300. உங்கள் 23,000 ரூபாய் 31,000 ஆகிவிடும். பதினான்கு மாதத்தில் வட்டி மட்டும் 35,000 ரூபாயைத் தாண்டும். கடன் தரும்போதே பிடிக்கும் கட்டணம் ஐயாயிரம், ஆறாயிரம் இருக்கும். ஊர் திரும்பும் அவசரத்தில் விற்றால் 1,300 யூரோ கிடைத்தால் பெரிது, அங்கே 1.1 லட்ச ரூபாய் நஷ்டம். எல்லாம் கூட்டினால் ஒன்றரை லட்சம். 14 மாதத்துக்கு வகுத்தால், அலுவலகம் போய் வர மாதம் பத்தாயிரத்துக்கு மேல்.

"விற்கப் போவதில்லையே, அத்தானுக்குத்தானே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். பயணிகள் விமானத்தில் 160 வாட்-ஹவர் கொள்ளளவுக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணி கொண்டுபோக முடியாது. கைப்பையிலும் கூடாது, சரக்குப் பெட்டியிலும் கூடாது. மின்சார சைக்கிள் பேட்டரிகள் பொதுவாக 400, 500 வாட்-ஹவர் இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு சைக்கிள் சட்டத்தை (ஃப்ரேமை) மட்டும் கொண்டுவந்தால் பாளையங்கோட்டையில் அதற்குப் பொருந்தும் பேட்டரியை எங்கே போய்த் தேடுவார்? அபாயப் பொருள் சரக்காகத் தனியே அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவையும் இந்தியச் சுங்கத்தில் கேட்கப்படக்கூடிய வரியையும் சேர்த்தால் அத்தானே வேண்டாம் என்பார். உறவினரிடம் முகத்துக்கு நேரே மறுக்கத் தயங்கும் உங்களைப் போன்றவர்களுக்கு இந்த விதி ஒரு வரம். "விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அத்தான்" என்று சொன்னால் போதும். கொண்டுவந்த பிறகு தருவதாகச் சொல்லும் பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை: அவருக்கு உண்மையிலேயே வேண்டும் என்றால் முழுத் தொகையையும் முன்பே அனுப்பச் சொல்லியிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் பேச்சு அன்றே முடிந்திருக்கும்.

அடுத்தது உங்கள் ரோடு பைக். போக 12,000, வர ஏறத்தாழ அதே அளவு, பெட்டி கட்டும் செலவு இரண்டாயிரத்துச் சொச்சம். போனதும் மட்கார்டு, முன்விளக்கு, பின்விளக்கு, பெல், நல்ல சங்கிலிப் பூட்டு எல்லாம் வாங்கியாக வேண்டும். பத்தாயிரம் என்று வையுங்கள். மொத்தம் 36,000. இன்றைக்கு விற்றால் அதிகம் போனால் 45,000 பெறும் பொருளுக்கு இந்தச் செலவு.

பணத்தை விட்டாலும் அது அந்த ஊருக்குப் பொருந்தாது. நெதர்லாந்தில் மக்கள்தொகையைவிட சைக்கிள்கள் அதிகம். திருட்டும் அதற்கேற்ப உண்டு. ரயில் நிலைய வாசலில் இரண்டு அடுக்காக நிற்கும் சைக்கிள்களைப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்பு, கனம், கைப்பிடி உயர்ந்தது, துருப்பிடித்தது. பின்சக்கரத்தில் சட்டத்தோடு பொருத்திய வளையப் பூட்டு ஒன்று இருக்கும். பூட்டினால்தான் சாவி கையோடு வரும், ஓட்டும்போது சாவி பூட்டிலேயே தொங்கும். அது போதாதென்று சட்டத்தையும் கம்பியையும் சேர்த்துத் தடித்த சங்கிலி ஒன்று. பக்கத்தில் ஒற்றைப் பூட்டோடு பளபளப்பாக நிற்கும் உங்கள் 92,000 ரூபாய் சைக்கிள்தான் திருடனின் கண்ணில் முதலில் படும். ஸ்டாண்ட் கிடையாது, கேரியர் கிடையாது, மெல்லிய டயர். அங்கே நவம்பர் மழையில் அலுவலகச் சட்டையோடு மட்கார்டு இல்லாமல் ஒரு நாள் போனால் முதுகில் சேற்றுக் கோடு விழும்.

அதை விற்றுவிடுங்கள். கடனை இப்போதே முடித்தால் 43,000 ரூபாய்ச் சொச்சமும் முடிப்புக் கட்டணமும் ஆகும். விற்ற பணம் ஏறக்குறைய அதற்குச் சரியாகப் போகும். மாதம் 5,700 மிச்சம். பிடித்த சைக்கிளை விற்பது கஷ்டம்தான், ஆனால் 14 மாதம் பால்கனியில் டயர் வெடிக்க நிற்பதைவிட மேல்.

அங்கே போய் என்ன செய்வது? முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு வாடகைச் சந்தா போதும். ஸ்வாப்ஃபீட்ஸ் என்ற வாடகை நிறுவனத்தின், நீல நிற முன்சக்கர டயரோடு ஓடும் சைக்கிள்களை நகரமெங்கும் பார்ப்பீர்கள். மாதம் சுமார் 20 யூரோ. பழுதானால் அவர்களே சரிசெய்து தருவார்கள் அல்லது மாற்றித் தருவார்கள். பூட்டிய சைக்கிள் திருடுபோனால் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கட்டிவிட்டு வேறு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் சாவியைக் காட்ட வேண்டும். குறைந்தபட்சக் காலம் இல்லாத திட்டமா என்று கேட்டுச் சேருங்கள். 14 மாதமும் அதிலேயே ஓட்டினாலும் 28,000 ரூபாய்தான்.

அதைவிட மலிவு, பழைய சைக்கிள். கடையில் ரசீதோடு 150 முதல் 200 யூரோவுக்கு நல்லதாகவே கிடைக்கும். சங்கிலிப் பூட்டுக்கு 50 யூரோ, இடையில் சில்லறைப் பழுதுக்கு 40. விற்கும்போது 100 யூரோ தேறினால் மொத்தச் செலவு 15,000 ரூபாய்க்கு மேலே கொஞ்சம். மார்க்ட்பிளாட்ஸ் என்ற இணையச் சந்தையில் தனியாரிடமும் வாங்கலாம். ஆனால் சைக்கிள் ஃப்ரேமில் பொறித்திருக்கும் எண்ணைக் கேட்டு, திருடுபோனதாகப் பதிவானதா என்று அரசின் வாகனப் பதிவுத் துறை இணையதளத்தில் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும். தெருவில் யாராவது 25 யூரோவுக்குத் தருகிறேன் என்றால் நிற்காமல் நடந்துவிடுங்கள். அது திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்குபவர் மேலும் வழக்கு வரும். வேலை அனுமதியில் இருப்பவருக்கு அது வேண்டாத வம்பு.

பல பழைய சைக்கிள்களில் கைப்பிடியில் பிரேக் இருக்காது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் நிற்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் சும்மா பின்னால் சுழற்றினால் நட்டநடுச் சாலையில் நின்றுவிடுவீர்கள். வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். இருட்டில் விளக்கு இல்லாமல் போனால் அபராதம் 50 யூரோவுக்கு மேல். 2019 ஜூலை முதல் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதும் குற்றம். அதற்கு 100 யூரோவுக்கு மேல். இரண்டு முறை பிடிபட்டால் சைக்கிள் விலை போய்விடும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத வரவு ஒன்று இருக்கிறது. நெதர்லாந்தில் வேலைக்குப் போய்வரும் தூரத்துக்கு, கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை வரியில்லாமல் நிறுவனம் தரலாம். சைக்கிளில் போனாலும் பொருந்தும். தினம் 14 கிலோமீட்டர், மாதம் 20 நாள் என்றால் 64 யூரோ. தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் இல்லை. சில நிறுவனங்கள் குறைந்தபட்ச தூரம் வைத்திருக்கும். மனிதவளத் துறையிடம் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். கூடவே, முதல் மாதத்துக்கான முன்பணம் உண்டா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கூச்சப்பட்டுத்தான் பலர் 15 சதவீதத்தில் கடன் வாங்குகிறார்கள்.

முன்பணம் இல்லை என்றால் வைப்பு நிதியிலிருந்து ஒரு பகுதியை, 75,000 ரூபாய் போல, எடுத்துக்கொள்ளுங்கள். இடையில் எடுத்தால் வட்டியில் ஒரு சதவீதம் போல வெட்டுவார்கள், போகட்டும். மீதியை வீட்டு அவசரத்துக்கு மனைவி எடுக்கக்கூடிய வகையில் வையுங்கள். இந்தியக் கிரெடிட் கார்டை அங்கே தேய்க்காதீர்கள்: அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பல கார்டுகளில் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும், ஆக 4 சதவீதத்துக்கு மேல் போகும். அங்கேயும் மூன்று தவணையாகக் கட்டு என்று செயலிகள் ஆசை காட்டும். பழைய சைக்கிளுக்குத் தவணை எதற்கு?

திருட்டுக் காப்பீடு 150 யூரோ சைக்கிளுக்குத் தண்டம். பொறுப்புக் காப்பீடு மட்டும் எடுங்கள், மாதம் ஐந்து யூரோ போல ஆகும். சைக்கிள் பாதையில் நீங்கள் யார் மீதாவது மோதினால் கேட்கப்படும் இழப்பீட்டுக்கு அது கைகொடுக்கும்.

ஐந்தோவன் பல்கலைக்கழக ஊர். ஆகஸ்ட், செப்டம்பரில் புதிய மாணவர்கள் வந்து இறங்குவதால் பழைய சைக்கிள் விலை ஏறி நிற்கும். நீங்கள் போகும் நேரமும் அதுதான். அதனால்தான் முதலில் சந்தா என்றேன். நவம்பரில் கூட்டம் குறைந்ததும் வாங்குங்கள். உங்கள் 14 மாதம் முடிவது அடுத்த ஆண்டு செப்டம்பரில், அப்போது விற்பதற்கு ஆள் தேட வேண்டியிருக்காது. ரசீதையும் இரண்டு சாவிகளையும் பத்திரமாக வையுங்கள். அவை இல்லாத சைக்கிளுக்கு விவரம் தெரிந்தவர் யாரும் 100 யூரோ தர மாட்டார்.