சங்கத்துக்கு ஐடி திட்டம் போடறது எப்படி: கேள்வி பதில்

கோலாலம்பூர்ல தொழில்முறை சங்கங்களுக்கு, அதாவது ஒரே தொழில்ல இருக்கறவங்க சந்தா கட்டி நடத்தற சங்கங்களுக்கு, ஐடி திட்டம் போட்டுக் குடுக்கறதுதான் என் வேலை. கேள்வி நிறைய வந்துருக்கு, ஒரே மாதிரி வந்ததெல்லாம் சேர்த்துட்டேன். எல்லாத்துக்கும் அடியில நான் சொல்ல வர்றது ஒண்ணுதான், கமிட்டி மாறிக்கிட்டே இருக்கும், அதனால கமிட்டி மாறினாலும் நிக்கற மாதிரி திட்டம் போடுங்க.

கேள்வி (பினாங்கு, செயலாளர்): அக்கா, எங்க சங்கத்துல 600 மெம்பர். புது கமிட்டி வந்ததுலருந்து மொபைல் ஆப் வேணும்னு ஒரே பேச்சு, ஒரு கம்பெனி 40,000 வெள்ளின்னு (ரிங்கிட்) கொட்டேஷன் குடுத்துருக்காங்க. செய்யலாமா?

பதில்: இப்ப வேணாம் தம்பி. ஒரு மெம்பர் வருசத்துக்கு எத்தன தடவ சங்கத்த தேடி வர்றாரு? சந்தா கட்ட, சிபிடி (தொடர் தொழில் பயிற்சி) சான்றிதழ் எடுக்க, வருசாந்திர டின்னருக்கு டேபிள் புக் பண்ண, அவ்ளோதான். அதுக்குன்னு தனியா ஒரு ஆப்ப போன்ல வச்சுக்க மாட்டாங்க, வச்சாலும் போன் மாத்தறப்ப போயிடும். போன்ல நல்லா தெரியற ஒரு வெப்சைட், அதுல மெம்பர் லாகின், அது போதும். ஆப்னா ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் தொடர்ந்து அப்டேட் பண்ணிக்கிட்டே இருக்கணும், அந்த செலவு கொட்டேஷன்ல இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

அதுக்கு முன்ன ஒரு வேலை செய்ங்க. சந்தா சீசன்ல ஆபிஸ் கிளார்க் பக்கத்துல ஒரு நாள் முழுக்க உக்காருங்க. மெம்பர் பேங்க்ல காசு போட்டுட்டு ஸ்கிரீன்ஷாட்ட வாட்சப்ல அனுப்புவாரு, ரெஃபரன்ஸ்ல மெம்பர் நம்பர் இருக்காது, 'யூரான்'னு, அதாவது மலாய்ல சந்தான்னு, மட்டும் இருக்கும். கிளார்க் அத பிரிண்ட் எடுத்து, எக்செல்ல பேர தேடி, ஒரே பேர்ல மூணு பேர் இருந்தா ஒவ்வொருத்தருக்கா போன் அடிச்சு கேட்டு, ரெசிட் புக்ல கையால எழுதி, அத போட்டோ புடிச்சு திருப்பி அனுப்புவாங்க, மாசக் கடைசியில பொருளாளர் பேங்க் ஸ்டேட்மெண்ட்டோட ஒத்துப் பாக்கறப்ப சில பேரோட காசு யாருதுன்னே தெரியாம நிக்கும். உங்க ஐடி திட்டம் அந்த மேசையிலதான் ஆரம்பிக்கணும். ஒவ்வொரு மெம்பருக்கும் அவர் நம்பரோட ஒரு பேமெண்ட் லிங்க் போய், அவர் எஃப்பிஎக்ஸ்லயோ (பேங்க் கணக்குலருந்து நேரா ஆன்லைன்ல கட்டறது) டூயிட்நவ் கியூஆர்லயோ (போன்ல ஸ்கேன் பண்ணி கட்டறது) கட்டினதும் ரெசிட் தானா போற மாதிரி செஞ்சீங்கன்னா, சீசன்ல கிளார்க்கோட பாதி வேலை கொறைஞ்சுடும். எஃப்பிஎக்ஸ்ல பெரும்பாலும் ஒரு தடவைக்கு இவ்ளோன்னு நிலையான கட்டணம், கிரெடிட் கார்டுன்னா தொகையில சதவீதம், அதனால பெரிய தொகைக்கு எஃப்பிஎக்ஸ்தான் லாபம்.

கேள்வி (செராஸ், துணைத் தலைவர்): மேடம், ஸ்ட்ராட்டஜி பேப்பர்னு சொன்னா எத்தன பக்கம், என்னென்ன இருக்கணும்? ஒரு கன்சல்டண்ட் 80 பக்கம் குடுத்தாரு, கமிட்டியில ஒருத்தரும் படிக்கல.

பதில்: ஆறேழு பக்கம் போதும் சார். மூணு வருசத்துக்குப் போடுங்க, அதுக்கு மேல போட்டா டெக்னாலஜியும் மாறிடும் ஆளும் மாறிடுவாங்க.

முதல் ரெண்டு பக்கம் இப்ப சங்கத்துக்கிட்ட என்ன இருக்குங்கற பட்டியல். டொமைன் (வெப்சைட் முகவரி), ஹோஸ்டிங் (வெப்சைட் வச்சிருக்கற சர்வர் இடம்), இமெயில், மெம்பர் லிஸ்ட், கணக்கு சாஃப்ட்வேர், பேமெண்ட் கேட்வே (ஆன்லைன்ல காசு வாங்கற சேவை), ஃபேஸ்புக் பேஜ், ஸூம் அக்கவுண்ட், வாட்சப் குரூப் எல்லாம். ஒவ்வொண்ணுக்கும் நேரா லாகின் யாருகிட்ட, எப்ப எக்ஸ்பயர் ஆகுது, யாரோட கார்டுல காசு போகுது, இந்த மூணும் எழுதுங்க. அடுத்தது, சங்கம் மூணு வருசத்துல எங்க போய் நிக்கணும்னு கமிட்டி நெனைக்குது, இது ஐடி ஆள் எழுதக்கூடாது, தலைவரும் செயலாளரும்தான் எழுதணும். இளம் மெம்பர் சேக்கறதா, பயிற்சி வகுப்ப ஈப்போவுக்கும் ஜோகூருக்கும் கொண்டு போறதா, சிபிடி மணிக் கணக்க மெம்பரே பாத்துக்கற மாதிரி பண்றதா? அது தெரிஞ்சாத்தான் எந்த சிஸ்டம்னு பேச முடியும். கடைசியா, எடுக்கற முடிவு நாலஞ்சு, வருசத்துக்கு எவ்ளோ செலவு, எந்தப் பதவியில இருக்கறவர் பொறுப்பு. ஆள் பேர எழுதாதீங்க சார், பதவிய எழுதுங்க. அப்புறம் அத கமிட்டி கூட்டத்துல முன்மொழிஞ்சு வழிமொழிஞ்சு மினிட்ஸ்ல ஏத்துங்க, அப்பத்தான் அடுத்த கமிட்டி வந்து தூக்கிப் போடறதுக்கு முன்ன யோசிக்கும்.

கேள்வி (பட்டர்வொர்த், பொருளாளர்): எங்க வெப்சைட் டொமைன் பழைய கமிட்டி ஆள் ஒருத்தர் பேர்ல இருக்கு, இமெயிலும் அவரோட சொந்த ஜிமெயில். கோபிச்சுக்கிட்டு சங்கத்த விட்டுப் போயிட்டாரு. என்ன செய்யறது?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகமா வந்துருக்கு, நேர்லயும் இத ரொம்பப் பாக்கறேன். முதல்ல தலைவரும் நீங்களும் நேர்ல போய்ப் பாருங்க, வக்கீல் லெட்டர் முதல்ல வேணாம். அந்தக் காலத்துல சங்கத்துக்குன்னு ஒரு கார்டு கூட இல்லாதப்ப சொந்தக் காசப் போட்டு வெப்சைட் ஏத்துனவரு அவருதான், அத சொல்லி நன்றி சொல்லிட்டு, பாக்கி இருந்தா குடுத்துட்டு, மாத்திக் கேளுங்க. பெரும்பாலும் குடுத்துடுவாங்க.

டொமைன் டாட் ஓஆர்ஜி டாட் எம்ஒய்யா இருந்தா கொஞ்சம் சுலபம், அத நிர்வகிக்கறது மைநிக்ங்கற மலேசிய டொமைன் அமைப்பு, அந்த டொமைன் வாங்கவே சங்கப் பதிவு பத்திரம் குடுத்திருக்கணும், அதனால சங்கம்தான் உரிமையாளர்னு காட்ட வழி இருக்கு. டாட் காம்னா சொந்தப் பேர்ல பதிஞ்சிருந்தா அவர் மனசு வச்சாத்தான் உண்டு. கைக்கு வந்ததும் செயலாளர்ங்கற பதவி பேர்ல ஒரு இமெயில் தொறந்து எல்லா அக்கவுண்ட்டையும் அதுக்கு மாத்துங்க, ஓடிபி வர்ற நம்பர் ஆபிஸ் சிம்மா இருக்கட்டும், பாஸ்வேர்டு எப்பவும் ரெண்டு பேர்கிட்டயாவது இருக்கட்டும். ஏஜிஎம்ல (வருசாந்திர பொதுக்கூட்டம்) புது கமிட்டி வந்ததும் பேங்க் கையெழுத்து மாத்தறோம்ல, அந்த வாரமே பாஸ்வேர்டும் கை மாறணும்.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா, ஆபிஸ் நிர்வாகி): அக்கா, மெம்பர் லிஸ்ட் அஞ்சு எக்செல் ஃபைல்ல இருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரல. புது சிஸ்டம் வாங்கினா அதுவே சரி பண்ணிடுமா?

பதில்: பண்ணாதும்மா. அழுக்கு டேட்டா உள்ள போனா அழுக்காத்தான் வெளிய வரும். நம்ம ஆளுங்க பேர்ல தனியா ஒரு சிக்கல் வேற இருக்கு. ஐசில (அடையாள அட்டை) சுப்ரமணியம் ஏ/எல் முனியாண்டின்னு, அதாவது முனியாண்டி மகன் சுப்ரமணியம்னு இருக்கும், ஒரு ஃபைல்ல எஸ்.எம். மணியம், இன்னொண்ணுல எம். சுப்ரமணியம், மூணும் ஒரே ஆள். வெளிநாட்டு சிஸ்டம் வாங்கினா ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம்னு ரெண்டு கட்டம் இருக்கும், நமக்கு குடும்பப் பேரே கெடையாது, அங்க 'டியர் மிஸ்டர் முனியாண்டி'ன்னு அப்பா பேருக்கு லெட்டர் போகும். அதனால முழுப் பேர் ஐசில உள்ளபடி ஒரு கட்டம், கூப்பிடற பேர் ஒரு கட்டம்னு வச்சுக்கற சிஸ்டமான்னு டெமோலயே கேளுங்க.

ஒரே பேர்ல இருக்கற ரெண்டு பேர பிரிச்சுக் காட்டறதுக்கு ஐசி நம்பர வச்சுக்காதீங்க, மெம்பர் நம்பர வைங்க. சந்தா கட்டாதவங்க, காலமானவங்க, ரெண்டு தடவ பதிஞ்சவங்க, இவங்கள பிரிச்சு எடுக்க ஒரு மாசம் ஒதுக்குங்க, அதுக்கு பகுதி நேரமா ஒரு மாணவர வச்சு சம்பளம் குடுத்தாலும் தகும்.

கேள்வி (செராஸ், கமிட்டி உறுப்பினர்): பிடிபிஏ சட்டம் நமக்கும் உண்டா? தரவு பாதுகாப்பு அதிகாரின்னு ஒருத்தர போடணுமா?

பதில்: பிடிபிஏ, அதாவது தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டம், 2010ல வந்தது, 2013 நவம்பர் 15லருந்து நடப்புல இருக்கு. 2024ல திருத்தி, அது 2025 ஜனவரி, ஏப்ரல், ஜூன்னு மூணு கட்டமா நடப்புக்கு வந்துடுச்சு. சட்டம் வணிகப் பரிமாற்றத்த பத்திதான் பேசுது, ஆனா நீங்க சந்தா வாங்கறீங்க, பயிற்சி வகுப்புக்கு காசு வாங்கறீங்க, அதனால 'நாங்க வெறும் சங்கம்'னு ஒதுங்கி நிக்காதீங்க. தரவு வெளிய போய் அதனால ஆளுங்களுக்குப் பெரிய பாதிப்பு வரும்னா 72 மணி நேரத்துக்குள்ள தரவு பாதுகாப்பு ஆணையருக்கு சொல்லணும், அதுக்கப்புறம் 7 நாளைக்குள்ள பாதிக்கப்பட்டவங்களுக்கும் சொல்லணும். சட்டத்தோட அடிப்படைக் கொள்கைய மீறினா அபராதம் முன்ன 3 லட்சம் வெள்ளி வரைக்கும், இப்ப 10 லட்சம் வரைக்கும்.

அதிகாரி போடறது பொதுவா 20,000 பேருக்கு மேல தரவு வச்சிருந்தா, இல்ல உடல்நலம் மாதிரி அந்தரங்கமான தரவு 10,000 பேருக்கு மேல இருந்தா. சின்ன சங்கத்துக்கு கட்டாயம் இல்ல, ஆனா கமிட்டியில ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கங்க. இன்னைக்கே செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. டின்னர் லிஸ்ட்ட ஐசி நம்பரோட வாட்சப் குரூப்ல போடறாங்கல்ல, அத நிறுத்துங்க. அந்த ஃபைல் 200 போன்ல உக்காந்துருக்கும், திரும்ப எடுக்கவே முடியாது.

கேள்வி (கிள்ளான், செயலாளர்): தலைவரோட மருமகன் சிஸ்டம் எழுதித் தர்றேன்னு சொல்றாரு, ரொம்ப கம்மி காசு. வாங்கறதா, எழுதறதா?

பதில்: வாங்குங்க. அந்தப் பையன் நல்ல பையனாவே இருப்பான், நாளைக்கு சிங்கப்பூர்ல வேலை கெடைச்சுப் போயிட்டான்னா அவன் எழுதுன புரோகிராம்ல கை வைக்க ஆள் இருக்காது. மெம்பர் சேர்க்கை, சந்தா, நிகழ்ச்சி பதிவு இதெல்லாம் உலகத்துல எல்லா சங்கத்துக்கும் பொது, அதுக்குன்னே சாஃப்ட்வேர் இருக்கு. வைல்ட் ஆப்ரிகாட் மாதிரி மாச வாடகை சிஸ்டம்னா பராமரிப்பு அவங்க பாத்துப்பாங்க, ஆனா அதுல பதிஞ்சிருக்கற ஆள் எண்ணிக்கை ஏற ஏற கட்டணமும் ஏறும், டாலர்ல போகும். சிவிசிஆர்எம் ஓபன் சோர்ஸ், லைசென்ஸ் காசு இல்ல, வேர்ட்பிரஸ்லயே ஓடும், ஆனா பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் வேணும், அந்த ஆளுக்கு காசு குடுக்கணும்.

எத வாங்கினாலும் கையெழுத்து போடறதுக்கு முன்ன ரெண்டு கேளுங்க. எஃப்பிஎக்ஸ் இணைக்க முடியுமா, வெளிநாட்டு சிஸ்டம் பலதுல நேரடியா வராது. நாங்க நாளைக்கு வெளிய போனா மொத்த டேட்டாவையும் எக்செல்ல திறக்கற மாதிரி எடுத்துக்கலாமா. ரெண்டாவதுக்கு மழுப்பினாங்கன்னா அந்தக் கம்பெனி வேணாம். மருமகன் தம்பிய அந்த டெமோ நாள்ல கூட உக்கார வைங்க, அவர் அறிவு அங்க நல்லா பயன்படும்.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸ், பொருளாளர்): இ-இன்வாய்ஸ் நமக்கு வருமா? ஏஜிஎம் ஓட்டு ஆன்லைன்ல போடலாமா?

பதில்: இ-இன்வாய்ஸ், அதாவது பில்ல மின்னணு முறையில வரி அலுவலகம் வழியா போடறது, 2024 ஆகஸ்ட் 1ல பெரிய கம்பெனிங்ககிட்ட ஆரம்பிச்சு வருசாந்திர வருமானத்தப் பொறுத்து கட்டம் கட்டமா கீழ வந்துருக்கு, சங்கங்களும் அதுல அடங்கும், விலக்கு வரம்ப ஒண்ணுக்கு மேல தடவ மாத்திட்டாங்க, அதனால உங்க ஆடிட்டர்கிட்ட இந்த வருச நிலவரத்த கேளுங்க. கொறஞ்ச எண்ணிக்கைன்னா எல்எச்டிஎன்னோட (வருமான வரி வாரியம்) மைஇன்வாய்ஸ் போர்ட்டல்லயே இலவசமா போடலாம். ஆன்லைன் ஓட்டுக்கு முதல்ல உங்க சங்க சட்டவிதி இடம் குடுக்குதான்னு பாருங்க, இல்லன்னா விதிய திருத்தி ஆர்ஓஎஸ் (சங்கப் பதிவாளர்) ஒப்புதல் வாங்கிட்டுத்தான் செய்யணும். ஏஜிஎம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள ஆர்ஓஎஸ்ஸோட இ-ரோசஸ் ஆன்லைன் தளத்துல ஆண்டறிக்கை ஏத்தணும், அதுக்கு வேண்டிய மினிட்ஸும் கணக்கும் ஒரே ஷேர்டு ஃபோல்டர்ல இருந்தா கடைசி வாரம் ஆள் ஆளுக்கு ஓட வேண்டியதில்ல.

கேள்வி (ஜார்ஜ்டவுன், மூத்த உறுப்பினர்): நாங்கல்லாம் 70 தாண்டினவங்க. எல்லாம் ஆன்லைன்னா எங்கள விட்டுடுவீங்களா?

பதில்: விடவே கூடாது ஐயா. சங்கத்த கட்டி வச்சதே நீங்கதான். மாசத்துல ஒரு சனிக்கிழமை ஆபிஸ் தொறந்து வச்சு, நேர்ல செக்கோட வர்றவங்களுக்கு கிளார்க்கே அதே சிஸ்டத்துல ஏத்திக் குடுக்கணும்னு நான் போடற எல்லா திட்டத்துலயும் எழுதறேன். ரெண்டு தனி லிஸ்ட் மட்டும் வச்சுக்க விட மாட்டேன், காகிதத்துல வந்தாலும் போன்ல வந்தாலும் ஒரே இடத்துல பதியணும்.

கேள்வி (சுபாங் ஜெயா, இணைச் செயலாளர்): எல்லாம் சரி அக்கா, பொருளாளர் காசே இல்லன்றாரு. எப்படி கேக்கறது?

பதில்: மொத்தமா 20,000 வெள்ளின்னு கேட்டா யாரும் தர மாட்டாங்க, மெம்பர் ஒருத்தருக்கு எவ்ளோன்னு கேளுங்க. 600 பேருக்கு வருசத்துக்கு ஆளுக்கு 12 வெள்ளின்னா 7,200 வெள்ளி, மாசம் 600. அதோட இப்ப சந்தா வசூலுக்கு ஆபிஸ் எத்தன மணி நேரம் செலவு பண்ணுது, எத்தன பேர் நினைவூட்டல் போகாததாலயே கட்டாம விட்டாங்க, இந்த ரெண்டு கணக்கையும் பக்கத்துல வைங்க. முதல் வருசம் பேமெண்ட் லிங்க்கும் டேட்டா சுத்தமும் மட்டும் கேளுங்க, ரெண்டாவது வருசம் மெம்பர் சிஸ்டம். பொருளாளர் தன் மாசக்கடைசி வேலை கொறைஞ்சத கண்ணால பாத்துட்டாருன்னா, ரெண்டாவது வருசத்துக்கு அவரே முன்மொழிவாரு.