ஒப்புதல் வந்துவிட்டது, பணம் எங்கே? வேலையிழப்பு உதவித்தொகை: கேள்வி பதில்

கோவையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) படிவங்களை நிரப்புவதும், பணம் வரவில்லை என்று வந்து நிற்கும் தொழிலாளியோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும்தான் என் அன்றாடம். ஆலையை மூடியபோது நானும் அதே வரிசையில் நின்றேன். அதனால் பணம் தாமதமாகும் வீட்டில் பால்காரருக்கும் பள்ளிக்கட்டணத்துக்கும் பதில் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். வந்த கேள்விகளைச் சுருக்கி, என் பதில்களோடு தந்திருக்கிறேன்.

ஓசூரிலிருந்து ஒரு சகோதரி: ஐயா, கம்பெனியில் ஆட்குறைப்பு செய்துவிட்டார்கள். வேலை இழந்த தொழிலாளிக்கு உதவித்தொகை தரும் ஈ.எஸ்.ஐ.யின் அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டத்தில் விண்ணப்பித்தேன். ஒப்புதல் ஆகிவிட்டது என்று குறுஞ்செய்தி வந்து ஐந்து வாரம் ஆகிறது. கிளை அலுவலகத்தில் "அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். வங்கியில் "வரவே இல்லை" என்கிறார்கள். யாரை நம்புவது?

அம்மா, இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒப்புதல் என்பது ஒரு மேசையின் வேலை, பணம் அனுப்புவது இன்னொரு மேசையின் வேலை. உங்களுக்கு இத்தனை நாளுக்கு இவ்வளவு தரலாம் என்று முடிவெடுப்பதுதான் முதல் மேசை. அதன்பிறகு பட்டுவாடாப் பட்டியல் தயாராகி, அவர்களுடைய வங்கிக்குப் போய், அங்கிருந்து நெஃப்ட் என்ற, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் முறை மூலம் உங்கள் வங்கிக்கு வரவேண்டும். குறுஞ்செய்தி வந்தது முதல் மேசையிலிருந்து.

நெஃப்ட் 2019 டிசம்பர் 16 முதல் இரவு பகல் எல்லா நாளும் இயங்குகிறது. அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் பணம் போகிறது. பெறும் வங்கியால் வரவு வைக்க முடியவில்லை என்றால், அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே ஐந்து வாரமாக ஒரு பணம் வழியில் வந்துகொண்டிருக்காது. ஒன்று, அது புறப்படவே இல்லை. அல்லது போய்த் திரும்பிவிட்டது. அல்லது வேறொருவர் கணக்கில் விழுந்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு வேண்டியது யு.டி.ஆர். எண். ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் தனியாக விழும் எண் அது. நெஃப்டில் எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் இருக்கும். நாளை கிளை அலுவலகத்துக்குப் போனதும் "பணம் வந்ததா" என்று கேட்காதீர்கள். அதற்கு "வந்துவிடும்" என்ற பதில் மட்டுமே கிடைக்கும். "எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், யு.டி.ஆர். எண் என்ன, எந்தக் கணக்கின் கடைசி நான்கு இலக்கத்துக்கு அனுப்பினீர்கள்" என்று இந்த மூன்றையும் கேளுங்கள். எண் இருந்தால் பணம் புறப்பட்டிருக்கிறது, அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகலாம். எண் இல்லை என்றால் இன்னும் அனுப்பவில்லை என்று பொருள். வங்கிக்கு அலைய வேண்டாம், அந்த அலுவலகத்திலேயே கேளுங்கள். பாஸ்புக்கையும் என்ட்ரி போட்டு எடுத்துப் போங்கள். ஐந்து வாரமாக வரவு இல்லை என்பதை அந்தப் பக்கமே காட்டும்.

கரூரிலிருந்து ஒருவர்: எனக்கு யு.டி.ஆர். எண்ணே கொடுத்துவிட்டார்கள். ஆனால் பணம் திரும்பிவிட்டதாம். கணக்கு எண் சரியாகத்தான் இருக்கிறது. லட்சுமி விலாஸ் வங்கிக் கணக்கு, பதினைந்து வருடப் பழக்கம்.

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது, தம்பி. உங்கள் ஊரில் பிறந்த அந்த வங்கி 2020 நவம்பர் 27 முதல் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்துவிட்டது. கணக்கு எண் பழையதாகவே இருந்தாலும், எந்த வங்கி, எந்தக் கிளை என்று காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறிவிட்டது. ஈ.எஸ்.ஐ. பதிவில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த பழைய குறியீடு அப்படியே கிடக்கும். யாரும் தாமாக மாற்றமாட்டார்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2020 ஏப்ரல் 1 முதல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதற்கு ஓராண்டு முன்பு விஜயா வங்கி பரோடா வங்கியில் சேர்ந்தது. இந்த வங்கிகளில் கணக்கு வைத்திருந்த எல்லோரும் இன்றே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

குறியீட்டில் இன்னொரு பொறியும் உண்டு. மொத்தம் 11 இடங்கள். முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். அந்த ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில எழுத்து 'ஓ'வை எழுதிய படிவங்களை என் மேசையில் எத்தனை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒருமுறை ஒரு பாஸ்புக்கில் வங்கி முத்திரை சரியாகக் கணக்கு எண்ணின் மீதே விழுந்து, 3 என்ற இலக்கம் 8 போலத் தெரிந்தது. அதைப் பார்த்துப் படிவம் நிரப்பியவர் 8 என்றே எழுதிவிட்டார். அந்தக் குடும்பம் இரண்டு மாதம் காத்திருந்தது. புதிதாக என்ட்ரி போட்ட, முத்திரை விழாத பக்கத்தின் நகலைக் கொடுப்பது நல்லது.

திருப்பூரிலிருந்து: அதே ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் பாதிச் சம்பளம் 90 நாளைக்குத் தருவார்கள் என்றார்கள். என் சம்பளம் 15,000. மாதம் 7,500 வரும் என்று நினைத்தேன். வந்தது குறைவு. மீதி பாக்கி இருக்கிறதா?

பாக்கி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கணக்கைச் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். வேலை போவதற்கு முந்தைய நான்கு சந்தாக் காலங்களில், அதாவது இரண்டு ஆண்டுகளில், நீங்கள் ஈட்டிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுப்பார்கள். அதில் பாதிதான் ஒரு நாளைக்கு உரியது. இரண்டு ஆண்டும் விடாமல் 15,000 வாங்கியிருந்தால் மொத்தம் 3,60,000. ஒரு நாளுக்குச் சுமார் 493. அதில் பாதி சுமார் 246 ரூபாய் 58 காசு. 90 நாளைக்கு ஏறக்குறைய 22,190 ரூபாய்.

நடுவில் நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்திருந்தால் அந்த மாதங்களின் சம்பளம் பூஜ்யமாகும். வகுக்கும் 730 மட்டும் குறையாது. அங்கேதான் தொகை இறங்கும். முதலாளி சந்தா கட்டாத மாதம் இருந்தாலும் இதே கதிதான். அப்படியிருந்தால் அது உங்கள் குற்றமில்லை, விட்டுவிடாதீர்கள். உங்கள் ஐ.பி. எண்ணை (ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) கொண்டு ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் மாதவாரியான சந்தா விவரத்தைப் பாருங்கள். சம்பளச் சீட்டில் 113 ரூபாய் பிடித்திருந்து, இணையத்தில் அந்த மாதம் காலியாக இருந்தால், அந்தச் சீட்டோடு கிளை மேலாளரைப் பாருங்கள். (தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000-க்கு 112.50 வரும், முழு ரூபாயாக்கி 113 பிடிப்பார்கள்.)

இந்த உதவி ஆயுளில் மொத்தம் 90 நாளுக்குத்தான். திட்டமும் கால வரம்போடு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வருவது. புதிதாக விண்ணப்பிப்பவர்கள் இப்போது நடப்பில் இருக்கிறதா என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்பூரிலிருந்து: பணம் வந்தது ஐயா. வந்த அன்றே பைக் கடன் தவணைக்கு வங்கி எடுத்துக்கொண்டது. இது நியாயமா?

படிக்கும்போதே நெஞ்சு கனத்தது. 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் எழுதப்பட்டபோதே, அந்தச் சட்டப்படி வரும் உதவிப் பணத்தை யாரும் ஜப்தி செய்யக்கூடாது என்று 60-ஆம் பிரிவில் வைத்தார்கள். ஆனால் நீங்களே கையெழுத்துப் போட்டுக்கொடுத்த தவணை ஆணைப்படி கணக்கிலிருந்து தானாகப் போவது வேறு விஷயம். வங்கி மேலாளரைப் பார்த்து, இது வேலையிழப்பு உதவித்தொகை என்று ஒப்புதல் கடிதத்தைக் காட்டி, தவணையைத் தள்ளிவைக்க எழுத்தில் கேளுங்கள். மற்றவர்கள், விண்ணப்பிக்கும் முன்பே கடன் தவணை எதுவும் இணைக்காத ஒரு சேமிப்புக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் சேர்ந்துகிடக்கும் கணக்கையும் கொடுக்காதீர்கள்.

சென்னை அம்பத்தூரிலிருந்து: வேலை போனபின் பி.எஃப். பணத்துக்குக் கிளைம் போட்டேன். 'செட்டில்டு' என்று காட்டுகிறது. ஒரு தொகை வந்தது, ஆனால் கணக்கில் இருந்ததைவிடக் குறைவு.

இரண்டு இடத்தைப் பாருங்கள். படிவம் 19 என்பது வருங்கால வைப்பு நிதிக்கு, படிவம் 10-சி என்பது ஓய்வூதிய நிதிப் பங்குக்கு. இரண்டும் தனித்தனி கிளைம், தனித்தனி எண், தனித்தனி நாளில் பணம். 19 மட்டும் போட்டிருந்தால் 10-சி தானாக வராது. பத்தாண்டு சேவை முடித்தவர்களுக்கு ஓய்வூதியப் பங்கைப் பணமாக எடுக்கும் வழியே இல்லை. அது ஓய்வூதியமாகத்தான் வரும்.

அடுத்தது வரி. ஐந்தாண்டு சேவைக்கு முன் 50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் பான் எண் இருந்தாலும் 10 சதவீதம் பிடிக்கலாம்.

மதுரையிலிருந்து: எனக்கு அந்த நிலைமைகூட இல்லை. இரண்டு மாதமாகப் பி.எஃப். கிளைம் நகரவே இல்லை.

20 நாள் என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1952-ஆம் ஆண்டு பி.எஃப். திட்டத்தின் பத்தி 72(7) தெளிவாகச் சொல்கிறது: எல்லாம் சரியாக உள்ள கிளைமை 20 நாளுக்குள் தீர்த்துப் பணம் தரவேண்டும். குறை இருந்தால் அதையும் 20 நாளுக்குள் எழுத்தில் சொல்லவேண்டும். தக்க காரணமில்லாமல் தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீதம் அபராத வட்டி விதிக்கலாம், அதை ஆணையரின் சம்பளத்திலிருந்தே பிடிக்கலாம். இந்தப் பத்தியின் எண்ணை மனுவில் எழுதினால் மனுவின் மரியாதையே மாறிவிடுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பல பேருக்குச் சிக்கல் வெளியேறிய தேதியில் இருக்கும். கம்பெனி அதைப் பதியாமலே விட்டுவிடும். கடைசிச் சந்தாவிலிருந்து இரண்டு மாதம் கழிந்தபின் அந்தத் தேதியை நீங்களே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் பதியலாம். மாதம்தோறும் 27-ஆம் தேதி மாவட்டங்களில் 'நிதி ஆப்கே நிகட்' என்ற குறைதீர்ப்பு முகாம் நடக்கிறது. நேரில் போங்கள். பி.எஃப். உதவித் தொலைபேசி எண் 14470.

விழுப்புரத்திலிருந்து: வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டதாரிகளுக்கான மாதம் 600 ரூபாய் அனுமதி ஆகி இரண்டு மாதமாகிறது. ஒன்றும் வரவில்லை.

அது மாதாமாதம் வராது, காலாண்டுக்கு ஒருமுறை சேர்த்து வரும். இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். ஆனால் ஒன்றை மறக்கவேண்டாம்: ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்காவிட்டால் நின்றுவிடும்.

சேலத்திலிருந்து: உங்கள் உதவித்தொகை நிலுவையில் இருக்கிறது, 1,500 ரூபாய் கட்டினால் உடனே விடுவிக்கிறோம் என்று போன் வந்தது. என் ஐ.பி. எண்ணைச் சரியாகச் சொன்னார்கள்.

கட்டாதீர்கள். ஓ.டி.பி.யும் சொல்லாதீர்கள். பணம் விடுவிக்க எந்த அரசு அலுவலகமும் பணம் கேட்பதில்லை. வேலை போய்த் தவிப்பவனிடமும் திருடுபவர்களை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால் இந்த நிமிடமே இணையமோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

திருநெல்வேலியிலிருந்து: வாய்மொழியாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மனு எப்படி எழுதுவது?

அரைப் பக்கம் போதும். கஷ்டத்தை ஒரே வரியில் சொல்லுங்கள், மீதியெல்லாம் எண்களாக இருக்கட்டும். "என் ஐ.பி. எண் இது. கிளைம் எண் இது. இந்தத் தேதியில் ஒப்புதல் செய்தி வந்தது. இன்றுவரை என் கணக்கில் வரவில்லை, பாஸ்புக் நகல் இணைத்துள்ளேன். அனுப்பிய தேதியையும் யு.டி.ஆர். எண்ணையும், அனுப்பவில்லை எனில் காரணத்தையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் இல்லையா? ஈ.எஸ்.ஐ.யின் கட்டணமில்லா எண் 1800-11-2526. அதற்கும் மேலே மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளமான சி.பி.கிராம்ஸ். 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே 21 நாளுக்குள் தீர்க்கவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டமும் கையில் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். "என் கோப்பு எந்தத் தேதியில் எந்த மேசையில் இருந்தது" என்று கேளுங்கள். என் சொந்தப் பணம் 47 நாள் சிக்கியிருந்தபோது இந்தக் கேள்விதான் அதை அசைத்தது. விண்ணப்பம் கொடுத்த ஒன்பதாம் நாள் பணம் ஏறியது. பதில் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மறுபடியும் ஓசூர்ச் சகோதரி: ஐயா, நீங்கள் சொன்னபடி மூன்றையும் கேட்டேன். பணம் போய்த் திரும்பியிருக்கிறது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருக்கிறது. இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா?

வேண்டாம் அம்மா. உங்கள் ஒப்புதல் அப்படியே இருக்கிறது. புதிய விண்ணப்பம் போட்டால் இரண்டு கோப்பாகிக் குழப்பம்தான் வரும். கணக்கு எண்ணைத் திருத்தக் கோரி ஒரு மனு, பாஸ்புக் முதல் பக்க நகல், ஆதார் நகல், பழைய யு.டி.ஆர். எண். இந்த நான்கையும் கொடுத்து "மறு பட்டுவாடா" செய்யக் கேளுங்கள். இன்றைக்கே திருத்தினார்களா என்பதைத் திரையில் காட்டச் சொல்லி, ஒவ்வோர் இலக்கமாக நீங்களே வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். ஒரு வாரம் கழித்துப் போய்ப் புதிய யு.டி.ஆர். எண்ணை வாங்கிக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.