கூட்டம் நடத்த நண்பரிடம் பாஸ்வேர்டு கொடுக்கலாமா?

கேள்வி: வாரந்தோறும் ஜூமில் வாசிப்புக் கூட்டம் நடத்துகிறேன். கட்டணக் கணக்கு என் பெயரில் உள்ளது. அடுத்த வாரம் என்னால் சேர முடியாது. நண்பருக்கு இலவசக் கணக்குதான். அவரை கோ-ஹோஸ்ட் (கூட்டம் நடத்துபவருக்குத் துணை) ஆக்கினால் போதுமா, பாஸ்வேர்டையே கொடுத்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கோ-ஹோஸ்ட் பொறுப்பைக் கூட்டம் தொடங்கிய பிறகுதான் கொடுக்க முடியும். அவர் ஆட்களை உள்ளே விடலாம், மியூட் செய்யலாம். கூட்டத்தைத் தொடங்க முடியாது. நீங்கள் பாதியில் கிளம்பும் நாளுக்குத்தான் அது உதவும். நீங்கள் இல்லாமலே கூட்டத்தைத் தொடங்க, மாற்று ஹோஸ்ட் என்று இன்னொரு வசதி உண்டு. அதற்கு நண்பரும் உங்கள் கணக்கின் கீழேயே கட்டண உரிமம் வைத்திருக்க வேண்டும். ஒரே வேலைக்கு மூன்று பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மூலையில் ஒளித்துவைத்தால் சாதாரண மனிதர் என்னதான் செய்வார்?

உங்களுக்குத் தேவை ஹோஸ்ட் கீ. ஜூம் இணையதளத்தில் உங்கள் புரொஃபைல் பக்கத்தில் இருக்கும் எண் அது. நண்பர் கூட்டத்தில் சேர்ந்து, பங்கேற்பாளர் பட்டியலுக்குப் போய் அதைக் கொடுத்தால் ஹோஸ்ட் ஆகிவிடுவார். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஹோஸ்ட் வருவதற்கு முன்பே மற்றவர்கள் சேரலாம் என்ற அனுமதி அணைந்திருந்தால் நண்பரால் உள்ளேயே வர முடியாது. உள்ளே வராதவர் எண்ணை எங்கே போடுவார்? ஆகவே அந்தக் கூட்டத்துக்கு மட்டும் அதை இயக்கி, ஹோஸ்ட் அனுமதிக்கும்வரை ஆட்களை நிறுத்திவைக்கும் காத்திருப்பு அறையை அணைத்துவிடுங்கள். நுழைவுக்கான பாஸ்கோடு அப்படியே இருக்கட்டும். முந்தின நாள் இருவரும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நீங்கள் உள்ளே போகாமல், அவர் மட்டும்.

பாஸ்வேர்டு கொடுத்தால் உங்கள் கூட்டப் பதிவுகளும் கட்டண விவரங்களும் அவர் கண்முன் வந்துவிடும். அவர் கணினியில் நுழைந்ததும் உங்கள் கணினியில் கணக்கு வெளியேறிவிடும்.

அப்புறம், "கணக்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். தங்கள் மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, பணத்தை மட்டும் உங்களிடம் வாங்குவார்கள். லிங்க் அவர்களுடையது, ஜூமின் சர்வரில் சேமிக்கப்படும் கூட்டப் பதிவும் அவர்களுடையது. மனஸ்தாபம் வந்தால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மலிவு விலையில் பலர் பகிரும் கணக்கு விற்பவர்கள் இன்னும் மோசம். ஒரே புரோ (கட்டண) உரிமத்தைப் பலர் தலையில் கட்டுவார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒரு கூட்டம்தான் நடத்த முடியும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே முகம் தெரியாத ஒருவர் தன் கூட்டத்தைத் தொடங்க, உங்களுடையது முடிந்துபோகலாம்.

கூட்டம் முடிந்ததும் புரொஃபைல் பக்கத்துக்குப் போய் ஹோஸ்ட் கீயை மாற்றிவிடுங்கள்.