நிற்கத் தெரியாத தறி

அன்புள்ள அண்ணா,

எங்களுக்குத் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் வேலை பார்க்கும் என் அண்ணனுக்கு எச்.ஐ.வி. இருப்பது போன மாதம் தெரியவந்தது. தொற்றி மூன்று, நான்கு மாதம் இருக்கலாம். உடனே மாத்திரை ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். அண்ணனோ, "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதிர்ப்பு சக்தி பார்த்துக்கொள்ளும், தளர்ந்தால் பார்ப்போம்" என்கிறார். அந்தக் கிருமி உடம்புக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும் என்று படித்தேன். சில மாதங்களில் அப்படி என்ன மாறிவிடும்? பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் அண்ணனின் எதிர்ப்பு சக்தி சும்மா இருக்கவில்லை. தொற்றிய சில வாரங்களிலிருந்தே அது கடுமையாகப் போராடிக்கொண்டிருக்கிறது. அந்தப் போராட்டம்தான் வைரஸை மாற வைக்கிறது.

உடலுறவு வழியே தொற்றும்போது, பெரும்பாலானோரின் உடம்பில் நிலைபெறுவது ஒரே ஒரு வைரஸின் வம்சம். முதல் பத்து நாள் வரை அது ரத்தத்தில் தட்டுப்படுவதில்லை. மூன்று, நான்கு வாரத்தில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பத்து லட்சத்தைத் தாண்டவும் கூடும். அப்போது வரும் காய்ச்சலையும் தொண்டை வலியையும் பலர் சாதாரணக் காய்ச்சலென்றே கடந்துவிடுகிறார்கள்.

பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டில் தறிகள் ஓடின. ஊடை, அதாவது குறுக்கு இழை, அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அப்பா அறுந்த இழையை உருவிவிட்டு, நாடாவில் புதுத் தாரைப் போட்டு மறுபடி ஓட்டுவார். நம் உயிரணுக்களும் தம் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது இப்படித்தான் பிழையைத் திருத்திக்கொள்கின்றன. எச்.ஐ.வி.யைப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியோ நிற்கத் தெரியாத தறி. ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்ட மரபுச் செய்தியில், சராசரியாக மூன்று படிகளுக்கு ஒரு பிழை விழுகிறது. சிகிச்சை இல்லாத உடம்பில் ஒரு நாளில் உருவாகும் வைரஸ்களோ ஆயிரம் கோடி அளவில்.

பெரும்பாலான பிழைகளால் வைரஸுக்குப் பயனில்லை. பல அதையே கெடுத்துவிடும். ஆனால் நம் எதிர்ப்பு சக்தியின் கொல்லும் டி செல்கள், தொற்றிய உயிரணுவை அதன் மேல் தெரியும் வைரஸ் புரதத் துணுக்கை வைத்தே அடையாளம் காண்கின்றன. அந்தத் துணுக்கில் ஓர் எழுத்து மாறினாலே சில நேரம் போதும், அடையாளம் தப்பிவிடும். மற்றவை அழிய, தப்பியது பெருகுகிறது. சில வாரங்களில் அதுவே பெரும்பான்மையாகிவிடலாம். வைரஸை முடக்கும் எதிர்ப்பொருள்கள் வந்து சேரவே சில மாதங்களாகும். அதற்குள் வைரஸ் தன் உறையையும் அதைப் போர்த்திய சர்க்கரை மூலக்கூறுகளையும் மாற்றத் தொடங்கிவிடும். எதிர்ப்பொருள் நேற்றைய வைரஸைப் பிடிக்கும்போது இன்றையது தப்பிப் போயிருக்கும்.

இதற்கிடையே, தொற்றிய சில நாட்களிலேயே அது எதிர்ப்பு சக்தியைச் சேர்ந்த, உறங்கும் சி.டி.4 உயிரணுக்களின் டி.என்.ஏ.வுக்குள் போய் ஒளிந்துகொள்ளவும் தொடங்கிவிடுகிறது. இன்றைய மருந்துகளால் அங்கிருந்து அதை முழுதாகத் துடைக்க முடியாது. சீக்கிரம் மாத்திரை தொடங்கியவர்களிடம் அந்தப் பதுக்கல் சிறியதாக இருக்கிறது.

மாத்திரையில் மூன்று மருந்துகள் சேர்ந்திருக்கும். மூன்றையும் ஒரே சமயத்தில் ஏய்க்கும் பிழைகள் ஒரே படியில் கூடிவருவது மிக அரிது. அதைவிட முக்கியம், படியெடுப்பு நின்றால் பிழையும் நின்றுவிடுகிறது. இடையிடையே விட்டுச் சாப்பிட்டால்தான் ஆபத்து. அரைகுறை மருந்தில் வைரஸ் மருந்தையே ஏய்க்கப் பழகிவிடும். "தளர்ந்தால் பார்ப்போம்" என்பதற்கு 2015இல் வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வு பதில் சொல்லிவிட்டது. சி.டி.4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ நேர்வது பாதிக்கும் மேல் குறைந்தது. நம் நாட்டிலும் 2017 முதல், தொற்று உறுதியானதுமே சிகிச்சை என்பதே கொள்கை.

எனக்கு இதில் பொறுமை குறைவு, தம்பி. என் பெரியப்பா மகன் நாமக்கல் லாரி ஓட்டினார். 1996இல் அவர் படுத்தபடுக்கையானார். கூட்டு மருந்து உயிர் காக்கிறது என்று உலகம் அறிந்த ஆண்டு அது; இங்கே அது இலவசமாகக் கிடைக்க 2004 ஆக வேண்டியிருந்தது. அவருடைய எவர்சில்வர் தட்டு மாட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். எழுந்து நிற்க முடியாத நாளிலும் அவரே கழுவினார். தட்டினாலும் தம்ளராலும் இது தொற்றாது. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் தனியாக வைத்திருந்தால் இன்றே உள்ளே எடுத்து வையுங்கள்.

ரிக் வண்டிக்காரர்கள் மாதக்கணக்கில் வெளி மாநிலங்களில் இருப்பார்கள். அண்ணன் கிளம்பும் முன் எச்.ஐ.வி. மாத்திரை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் அதைச் சொல்லி, போகும் நாட்களுக்கு வேண்டிய மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். அவர் தயங்கினால் நீங்களும் கூடப் போங்கள்.