இஎம்டி தேர்வில் குழப்பும் மருந்துக் கேள்விகள்: கேள்வி பதில்

பினாங்கில் ஆம்புலன்ஸ் பணியில் இருந்துகொண்டே, அமெரிக்காவில் சான்றளிக்கும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி அமைப்பின் இஎம்டி (அவசர மருத்துவப் பணியாளர்) தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு வார இறுதிகளில் பாடம் நடத்தி வருகிறேன். மருந்துகள் குறித்து அவர்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

செந்தூல் மாணவி: அக்கா, பயிற்சித் தாளில் அல்பியூட்டரால், எபிநெஃப்ரின், அசிட்டமினோஃபென் என்றெல்லாம் வருகின்றன. இவற்றை நான் பார்த்ததே இல்லையே?

மூன்றையும் பார்த்திருக்கிறீர்கள், தங்கச்சி. அவை முறையே நம் சால்பியூட்டமால், அட்ரினலின், பாராசிட்டமோல். அங்கே நைட்ரோகிளிசரின் என்னும் நெஞ்சு வலி மருந்தை இங்கே ஜிடிஎன் என்கிறோம். இரத்தச் சர்க்கரையையும் அவர்கள் வேறு அலகில் எழுதுவதால், அந்த எண்ணை 18ஆல் வகுத்துப் பாருங்கள். 54 என்று இருந்தால் நம் கணக்கில் அது 3.0, அதாவது தாழ்ந்த சர்க்கரை.

பட்டர்வொர்த் மாணவர்: நெஞ்சு வலியோடு 58 வயதுக்காரர், இரத்த அழுத்தம் 86/54, கையில் அவருடைய நைட்ரோகிளிசரின் இருக்கிறது. அதைக் கொடுக்கலாம் என்று எழுதினேன், தவறு என்று வந்தது. ஏன்?

தம்பி, உங்கள் கண் 'நெஞ்சு வலி'யிலேயே நின்றுவிட்டது. விடையோ 86 என்ற எண்ணில் இருந்தது. இம்மருந்து இரத்த நாளங்களை, குறிப்பாகச் சிரைகளை விரிக்கிறது; அதனால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து, ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் அழுத்தம் இன்னும் சரிகிறது. மேல் அழுத்தம் 100க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது என்றே பாடங்களில் பெரும்பாலும் கற்பிக்கிறார்கள். ஆஸ்பிரின் அழுத்தத்தை இறக்காது. ஆகவே ஒவ்வாமையோ இரத்தக் கசிவோ இல்லாத பட்சத்தில் 162 முதல் 324 மில்லிகிராம் வரை மென்று விழுங்கச் செய்வதே அந்தக் கேள்வியில் ஏற்கத்தக்க விடை.

அழுத்தம் நன்றாக இருக்கும்போதும் இதே மருந்தைச் சுற்றி மூன்று இடங்களில் தடுமாற வைப்பார்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரமோ, டடாலாஃபில் எடுத்து 48 மணி நேரமோ ஆகாதவருக்கு இது கூடாது. ஐந்து நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்று வேளைதான் என்பதால், நீங்கள் போய்ச் சேருவதற்குள் அவரே இரண்டு எடுத்திருந்தால் மிஞ்சுவது ஒன்றே. அதற்கு முன்னும் அழுத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். மூன்றாவது, அது அவருக்கென்று எழுதிக் கொடுத்த மருந்தாக இருக்க வேண்டும். ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடு ஒன்றில், நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர் சிறிய பழுப்புப் புட்டியை என்னிடம் நீட்டினார். சிட்டையைத் திருப்பிப் பார்த்தால் அவருடைய அண்ணன் பெயர் இருந்தது. அன்றிலிருந்து, விடைகளைப் படிக்கும் முன் அழுத்தம், மருந்தின் உரிமையாளர், ஏற்கெனவே எடுத்த அளவு ஆகிய மூன்றையும் தாளின் ஓரத்தில் எழுதும்படி என் மாணவர்களைக் கட்டாயப்படுத்துகிறேன்.

அதே மாணவர்: எபிநெஃப்ரினில் 1:1000, 1:10,000 இரண்டில் எது கடுமையானது?

முன்னது. 1000 மில்லிலிட்டரில் ஒரு கிராம், அதாவது ஒரு மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம். பின்னது அதில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் குழப்பம் ஆபத்தானது என்பதால்தான் 2016இல் அமெரிக்கச் சிட்டைகளிலிருந்து விகிதத்தையே எடுத்துவிட்டார்கள். ஒரே அளவு நிரப்பி வரும், அழுத்தினால் தானே குத்தும் ஆட்டோ இன்ஜெக்டர் ஊசி என்றால் பெரியவருக்கு 0.3, சிறுவருக்கு 0.15 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத்தில்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவி: ஓப்பியாய்டு (மார்ஃபின், ஹெராயின் போன்றவை) அளவு மீறியவர் நிமிடத்துக்கு நான்கு முறைதான் மூச்சு விடுகிறார். நலாக்ஸோன், பேக் மாஸ்க் இரண்டும் விடைகளில் இருந்தால் எதைத் தேர்வது?

'முதலில்' என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பேக் மாஸ்க், அதாவது கையால் அமுக்கிக் காற்றூட்டும் பையும் முகமூடியும். ஓப்பியாய்டை முறிக்கும் நலாக்ஸோன் வேலை செய்யும்வரை அவருக்குக் காற்று வேண்டும். மருந்து கொடுத்த பின்னும் அவர் மூச்சு சீராவதே நோக்கம், எழுந்து உட்கார வேண்டியதில்லை. நினைவிழந்த நீரிழிவு நோயாளிக்கு வாய்வழி குளுக்கோஸ் தரும் விடையையும் இப்படியே விலக்குங்கள்: விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் போய் அடைக்கும்.