புதிதாகச் செய்விக்க முன்னம் ஐந்து பேரை இருத்திப் பாருங்கள்

கேள்வி: சுன்னாகத்தில் வீட்டோடு மிளகாய்த்தூள், ஒடியல்மா, பருத்தித்துறை வடை செய்து கனடாவுக்கும் அனுப்புகிறேன். போன வருடம் ஒருவரைப் பிடித்து இணையத்தளம் செய்வித்தேன். ஆக்கள் உள்ளே வருகிறார்கள். ஓடர் பாதியில் நிற்கிறது. பிறகு வாட்ஸ்அப்பில் “அக்கா, இது சரிவரேல்ல” என்று எடுக்கிறார்கள். செய்து தந்தவர், “டிசைன் பழசாப் போச்சு, புதுசாச் செய்வம்” என்று மூன்று இலட்சம் ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? யாழ்ப்பாணத்தில் நடக்கும் ஐரி சந்திப்புகளுக்கு என்னைப் போன்றவர்கள் போகலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஒரு வருடத்தில் டிசைன் பழசாகிவிடாது. ஆக்கள் எந்த இடத்தில் தடக்குப்படுகிறார்கள் என்று அவரும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் புதிதாகச் செய்தால் அதே தடை வேறு நிறத்தில் திரும்பி வரும்.

ஐந்து பேரைப் பிடியுங்கள். ஐந்து போதும் என்பது நான் சொல்லும் கணக்கில்லை. பாவனையாளர்களைக் கவனித்துப் பிழை கண்டுபிடிப்பதில் பெயர்பெற்ற ஜேக்கப் நீல்சன், ஐந்து பேரிடமே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். ஐரி படிக்கிற மகனை இதில் சேர்க்காதீர்கள். உங்களிடம் வாங்குகிற வயதுக்காரர் வேண்டும், அவரவர் போன் வேண்டும். ஒவ்வொருவராக இருத்தி, “ரொறன்ரோவில இருக்கிற தங்கச்சிக்கு ஒரு கிலோ தூள் அனுப்புங்கோ” என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். “மேல அமத்துங்கோ” என்று ஒரு சொல் உதவினாலும் பார்த்ததில் பயனில்லை. விரல் எங்கே நின்றது, எந்தப் பெட்டியை அழித்து அழித்து எழுதினார் என்பதைக் கொப்பியில் குறியுங்கள். ஐந்து பேரில் இரண்டு பேராவது கனடாவில் இருக்கட்டும். வாட்ஸ்அப் வீடியோ கோலில் 2023 முதல் திரையைப் பகிரலாம், இங்கிருந்தே பார்ப்பீர்கள்.

எனக்குச் சந்தேகம் விலாசப் பக்கத்தில்தான். எங்களுடைய அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கம், யாழ்ப்பாணத்துக்கு 40000. கனடாவில் அது ஆங்கில எழுத்தும் இலக்கமும் மாறிமாறி வரும் ஆறு குறிகள். இலக்கம் மட்டும் ஏற்கும்படி பெட்டியைச் செய்திருந்தால் ரொறன்ரோக்காரர் என்ன அடித்தாலும் சிவப்பில் ஆங்கிலத்தில் பிழை காட்டும். போன் இலக்கம் 0இல் தொடங்கவேண்டும் என்று வைத்திருந்தால் +1இல் தொடங்கும் கனடா இலக்கத்தையும் அது தள்ளிவிடும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டி இருந்தால், தகப்பன் பெயரை எதற்குள் போடுவது என்று எங்கட ஆக்கள் அங்கேயே யோசித்து நிற்பார்கள். பெயருக்கு ஒரு பெட்டி போதும். தமிழ் எழுத்துக் குழம்பித் தெரிந்தால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். எந்தப் போனிலும் சரியாகத் தெரியும் யுனிகோட் எழுத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இந்தக் கவனயீனம் தனியாரோடு நிற்பதில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தில் எழுதியாயிற்று. இன்றைக்கும் எத்தனையோ அரச இணையத்தளங்களில் ‘தமிழ்’ என்பதை அமத்தினால் பாதிப் பக்கம் ஆங்கிலத்திலேயே கிடக்கிறது. அங்கே இருக்கும் படிவத்தை நிரப்புவிக்க வயதுபோன அம்மாக்கள் கொமினிக்கேசன் கடையில் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள். ஐந்து பேரை இருத்திப் பார்க்க ஒரு திணைக்களத்துக்கு என்ன செலவு?

நான் சொன்ன திருத்தங்கள் வேலை தெரிந்த ஒரு பிள்ளைக்கு ஓரிரு நாள் வேலை. மூன்று இலட்சம் கேட்பவர்களில் பலர் தாங்களே செய்வதில்லை. கொமிசனை வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளையிடம் சொற்பத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கண்ணி டொமைன். உங்கள் கடையின் இணைய முகவரி யாருடைய பெயரில் பதிவாகியிருக்கிறது? அந்தக் கணக்கு எந்த மின்னஞ்சலில் திறக்கிறது? அவருடையதில் என்றால், நாளைக்கு வேறொருவரிடம் வேலை கொடுத்ததும் முகவரியைப் பிடித்துவைத்துப் பேரம் பேசுவார். பேஸ்புக் பக்கத்துக்கும் இதே கதை. “ஆப்பும் செய்வம்” என்றால் இதையும் தெரிந்து வையுங்கள்: கூகிள் பிளேயில் கணக்குத் திறக்க ஒருமுறை மட்டும் 25 டொலர். அதையே வருடாவருடம் பில்லில் போடுபவருக்குக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, எங்கள் ஊரில் அடிக்கடி வருவது. இங்கே கடனட்டை இல்லாததால் கனடாவில் இருக்கும் தம்பி தன் கடனட்டையில் டொமைன் வாங்கித் தருவார். அதில் பிழை இல்லை. காசு கட்டும் அட்டை அவருடையதாக இருக்கலாம். கணக்கின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்க வேண்டும், உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் வரவேண்டும். தம்பியின் மின்னஞ்சலிலேயே விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அவருக்கே போகும். அவர் வேலைக் களைப்பில் கவனிக்கமாட்டார், அல்லது அட்டையை மாற்றியிருப்பார். ஒருநாள் கடை இணையத்தில் இல்லாமல் போகும். தம்பி நல்லவர்தான், கணக்கை மட்டும் இப்போதே மாற்றி எடுங்கள். நாட்காட்டியில் புதுப்பிக்கும் திகதியையும் எழுதிவையுங்கள்.

சந்திப்புகளுக்குக் கட்டாயம் போங்கள். யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்புகள் இங்கே வருடக்கணக்காக இளையவர்களைச் சேர்த்து வேலை செய்கின்றன. கம்பஸ் பிள்ளைகளும் வருவார்கள். மேடையில் ஒருவர் ஏஐ பற்றி ஆங்கிலத்தில் ஒரு மணித்தியாலம் பேசலாம். விளங்காவிட்டால் பிழை உங்களில் இல்லை. தமிழ்க் கேட்போருக்கு முன்னால் தமிழில் சொல்லத் தெரியாதது பேசுபவரின் குறை. ஒரு கடைக்காரரின் போனை நடுவில் வைத்து எல்லோரும் சேர்ந்து பார்க்கும் சந்திப்பைத்தான் நான் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். நீங்கள் தேநீர் இடைவேளையில் போனையும் கொப்பியையும் எடுத்து, எந்தப் பெட்டியில் ஆக்கள் நிற்கிறார்கள் என்று காட்டுங்கள். திருத்த எவ்வளவு ஆகும் என்று இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். கொப்பியைப் பார்க்காமலே விலை சொல்பவரை விட்டுவிடுங்கள். முற்பணம் கொடுக்க முதல் டொமைன் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும்.