எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?

கேள்வி: ஓர் ஊரில் குண்டு வெடித்தது, கொள்ளைநோய் பரவுகிறது என்று செய்தி வருகிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 'எங்கள் ஊருக்கு வாருங்கள்' என்று சுற்றுலா விளம்பரம் பல்லை இளிக்கிறது. இழவு வீட்டு வாசலில் கடை விரிக்கிற வேலையல்லவா இது? இத்தனை நாளாவது பொறுக்க வேண்டும் என்று ஒரு கணக்கு வேண்டாமா?
(ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: கோபம் நியாயம்தான். யார் மேல் கோபப்படுவது என்பதில்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டீர்கள்.

நீங்கள் சொல்லும் விளம்பரங்களில் பல, சம்பவத்துக்கு முன்பே கிளம்பிவிட்டவை. 2003-ல் ஹாங்காங் சுற்றுலா வாரியம் மாட்டிக்கொண்டது இப்படித்தான். ஊரின் அழகைப் பார்த்து மூச்சே நின்றுவிடும் என்று சொல்லும் ஆங்கில விளம்பரம், அந்த ஏப்ரலில் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் வந்தது. அப்போது ஹாங்காங்கில் சார்ஸ். மூச்சுத்திணறல்தான் அந்த நோயின் முக்கிய அடையாளமே. அங்கே போகாதீர்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் ஏப்ரல் 2 அன்று சொல்லியிருந்தது. நோய் அடங்குவதற்குள் 1,755 பேருக்கு வந்து, 299 பேர் செத்துப்போனார்கள். விளம்பரத்தை நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை. பக்கங்கள் ஏற்கெனவே அச்சாகிவிட்டன.

பத்திரிகைக்காரனுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. வார இதழில்கூட ராப்பர், அதாவது மேலட்டைத் தாள்தான் முதலில் அச்சுக்குப் போகும். பின்னட்டை விளம்பரமும் அதோடு போய்விடும். உள்ளே கடைசி ஃபாரத்தை (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்களை) இழுத்துப் பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுத் துயரச் செய்தியைச் சேர்க்கலாம். பின்னட்டையில் கடற்கரையில் சிரித்துக்கொண்டிருக்கும் ஜோடியை என்ன செய்வது? மாத இதழ் என்றால் கேட்கவே வேண்டாம். ஆனால் டிவியும் இணையமும் இந்தச் சாக்கைச் சொல்ல முடியாது. ஒரு போன் போட்டால் அன்றைக்கே நிறுத்திவிடலாம். அங்கே நிறுத்தாதவர்களைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்துகொள்கிறேன்.

சரி, தெரிந்தே, சம்பவத்துக்குப் பிறகு கொடுக்கிற விளம்பரம்? இழவு வீடு என்றீர்கள். கடைக்காரரும் அந்த வீட்டுக்காரராகவே இருந்தால்?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் பெரிய ஹோட்டல்களிலும் தற்கொலைத் தாக்குதல். 260 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் ஒரு தேவாலயம் நீர்கொழும்பின் கட்டுவப்பிட்டியில் இருக்கிறது. நீர்கொழும்புக்கு மீனும் சுற்றுலாவும்தான் சோறு. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் முதலில் தங்குகிற ஊர். உறவுக்காரர் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்து, மறுநாள் ஹோட்டல் வாசலில் ஆட்டோவை நிறுத்திச் சவாரிக்குக் காத்திருக்கிற ஊர் அது. 2018 மே மாதம் இலங்கைக்கு வந்த வெளிநாட்டவர் ஒரு லட்சத்து 29 ஆயிரம் பேர். 2019 மே மாதம் 38 ஆயிரம் பேர்கூட இல்லை. அந்த ஆட்டோக்காரரிடம் போய், துக்கம் கழியட்டும், ஆறு மாதம் ஆளைக் கூப்பிடாதே என்று நீங்கள் சொல்வீர்களா? எனக்கு வாய் வராது.

என் புகார் வேறு. கூப்பிட்டவர்கள் எதைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்? விலையைக் குறைத்தோம், விசா இலவசம். ஆகஸ்ட் 1 முதல் இந்தியா உட்பட 48 நாட்டவருக்குக் கட்டணமில்லா விசா. விசாவுக்கு இருபது டாலர், முப்பத்தைந்து டாலர் கட்டணம் இருக்கிறதே என்றா ஜனங்கள் வராமல் இருந்தார்கள்? இதில் வேடிக்கை, ஏப்ரலில் போட்ட அவசரநிலை அப்போதும் அமலில்தான் இருந்தது. அது காலாவதியானது ஆகஸ்ட் 22-ல்தான். ஒரு கையில் அவசரச் சட்டம், இன்னொரு கையில் அழைப்பிதழ். பார்க்கிறவர் எதை நம்புவார்?

பயந்தவர் மனசில் இருந்த கேள்வி ரொம்பச் சின்னது. இப்படி ஒரு தாக்குதல் வரக்கூடும் என்று இந்திய உளவுத்துறை ஏப்ரல் 4 அன்றே எச்சரித்திருந்தது. கொழும்பில் அது கேட்பாரற்றுக் கிடந்தது. அடுத்த எச்சரிக்கை வந்தால் யாராவது எடுத்துப் படிப்பீர்களா? இதுதான் கேள்வி. தென்னைமரப் படத்தில் இதற்குப் பதில் இருக்காது. அந்த அலட்சியத்துக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது 2023 ஜனவரியில்.

பயத்தைக் கொஞ்சமாவது குறைத்த காரியங்கள் விளம்பர ஏஜென்சியிலிருந்து வந்தவை அல்ல என்பது என் கட்சி. ஜூன் 6 அன்று பிரிட்டன் தன் பயண எச்சரிக்கையைத் தளர்த்தியது. 9-ஆம் தேதி நம் பிரதமர் மோடி, குண்டு வெடித்த மூன்று தேவாலயங்களில் ஒன்றான கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போனார். 12-ஆம் தேதி, கடற்படையினர் செப்பனிட்டுக் கொடுத்த அதே கோயில் திரும்பத் திறந்தது. டிசம்பரில் வந்தவர்கள் 2 லட்சத்து 41 ஆயிரம். முந்தின டிசம்பரைவிடப் பன்னிரண்டாயிரம் போல்தான் குறைவு. விசாச் சலுகையும் உதவியிருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. இந்த மூன்றும் நடக்காமல் அது மட்டும் போதுமா?

அப்புறம், நாள் கணக்கு கேட்டீர்கள். அதற்கும் ஹாங்காங்கையே சொல்கிறேன். மூச்சு விளம்பரத்தில் அசடு வழிந்தவர்கள் அடுத்ததைப் பொறுமையாகச் செய்தார்கள். ஊரைத் திரும்ப விளம்பரப்படுத்த 100 கோடி ஹாங்காங் டாலரை ஏப்ரலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் நோய் பரவும் ஊர்களின் பட்டியலிலிருந்து ஹாங்காங்கை உலகச் சுகாதார நிறுவனம் ஜூன் 23 அன்று எடுத்த பிறகுதான் ஊர் ஊராகக் கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த அறிவிப்பு ஆகஸ்டில் வந்திருந்தால் ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியதுதான். மே மாதமே வந்திருந்தால் மே மாதமே கூப்பிடலாம். அதைப் பின்னட்டையில் போட எனக்கும் கூச்சம் இருந்திருக்காது.